குழை தின்ற ஆடும் கட்டிக் கொழுப்பும்



மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் கடந்து, காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்னும் ஊர்களைத் தாண்டி வாகரையை அடைவர். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் களப்பும் கண்டற் காடும். அவற்றிற்கு அப்பால் பற்றையும் வயலும். மீன்பிடியும் வேளாண்மையும் அவ்வூர் மக்களின் தொழில்கள். எனினும், வளவிலே நாலைந்து ஆடு இல்லாத வீடு அங்கே குறைவு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்தது. அடுத்து 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் போர் காரணமாக ஊரே இடம்பெயர்ந்தது. இவ்விரண்டு முறையும் ஆடுமாடுகளை இழந்தவர்கள், ஒரு மறியிலிருந்தும் ஒரு நாம்பனிலிருந்தும் மீண்டும் தொடங்கினார்கள். நகை இல்லாத வீட்டுக்கு ஆடே நகை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வேண்டும், கூரைக்குத் தகரம் வேண்டும் என்று வருகின்றபோது கயிற்றோடு கைமாறுவது அதுதான்.

அவ்வூரில் ஒரு மூதாட்டி. ஊரார் அவரைப் பெத்தா என்று அழைப்பர். நானும் அவ்வாறே அழைத்தேன். ஒரு காலை அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். முதல் நாள் உறவினர் வந்தபடியால் ஆட்டிறைச்சி சமைத்திருந்தார்கள். மிஞ்சிய கறி இருந்த சட்டியைப் பெத்தா என் முன்னே சாய்த்துக் காட்டினார். மேற்பரப்பிலே வெள்ளை வெளேரென்று கொழுப்பு உறைந்து, கரண்டியாற் தட்டினால் ஓட்டைப் போல உடையும் நிலையில் இருந்தது.

“மகன், நீங்க படிச்ச ஆள்தானே. குழையும் புல்லும் திண்ட ஆட்டுக்கு இந்தக் கட்டிக் கொழுப்பு எங்கால வந்த? கோழிக் கறியில எண்ணெய் எண்ணெயாத்தானே நிக்கும்,” என்று கேட்டார்.

கேள்வி சிறிது, விடை அத்துணைச் சிறிதன்று. இன்று அந்த விடையையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் குழையிலே கொழுப்பு உண்டா என்று கேட்கலாம். உண்டு. பச்சை இலையை நன்றாக உலர்த்தி நிறுத்தால், நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை கொழுப்பாக இருக்கும். இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணிய பகுதிகளின் மெல்லிய தோல்களிலே அது பரந்து கிடக்கின்றது. எள்ளிலும் தேங்காயிலும் உள்ளதைப் போலத் திரண்ட எண்ணெயாக இல்லாதபடியால், பிழிந்தாலும் வராது. ஆகையால் நாம் அதைக் கொழுப்பென்று எண்ணுவதில்லை. வைக்கோலிலே அது மிகக் குறைவு. தவிட்டிலோ நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேலும் இருக்கக்கூடும்.

இந்த இலைக் கொழுப்பு மிகவும் இளகிய இனத்தைச் சேர்ந்தது. கொழுப்பமிலம் என்பது காபன் அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. உணவிலே பெரும்பாலும் வருவன பதினெட்டுக் காபன் கொண்டவை. அவற்றுள் ஸ்டியரிக் அமிலம் நேரானது. அதில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஒலெயிக் அமிலத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு, லினோலெயிக் அமிலத்தில் இரண்டு, லினோலெனிக் அமிலத்தில் மூன்று. ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பும் சங்கிலியில் ஒரு கோணலை உண்டாக்கும். வேலி அடைக்கின்றவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நேரான கதியால்களை அடுக்கினால் ஒன்றோடொன்று நெருங்கிக் கட்டாகக் கிடக்கும். கோணல்மாணலான அலம்பலை எப்படி அடுக்கினாலும் இடைவெளி விழும். கொழுப்பும் அப்படியே. நேரான ஸ்டியரிக் அமிலம் உருகுவதற்கு ஏறத்தாழ 69 பாகை வெப்பம் வேண்டும். மூன்று கோணல் கொண்ட லினோலெனிக் அமிலமோ, பனிக்கட்டியின் நிலைக்குக் கீழே பத்துப் பாகை சென்றாலும் நீராகவே நிற்கும். பசும்புல்லின் கொழுப்பிலே பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்த லினோலெனிக் அமிலமே.

ஆகவே பெத்தாவின் ஆடு தின்றது, உறையவே உறையாத எண்ணெய். அதன் உடம்பிலே சேர்ந்ததோ சட்டியில் ஓடாக உறையும் கொழுப்பு. இடையிலே ஏதோ நிகழ்ந்திருக்கின்றது.

இதே புல்லைத் தின்னும் மற்றொரு விலங்கு இருக்கின்றது. நெடுந்தீவிலே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். குதிரையின் கொழுப்பு மெதுமையானது. புல்லில் உள்ள லினோலெனிக் அமிலம் அதில் நன்றாகவே காணப்படும். குதிரையும் ஆடும் இரண்டும் புல் தின்பவை; இரண்டின் வயிற்றிலும் நாரைப் புளிக்கவைத்துக் கரைக்கும் ஒரு பெருந்தொட்டி உண்டு. வேறுபாடு அத்தொட்டி இருக்கும் இடத்திலேதான். குதிரைக்கு அது சிறுகுடலுக்குப் பின்னே இருக்கின்றது. ஆதலின், தொட்டியைச் சேருமுன்பே கொழுப்பு சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எருமைக்கும் அது சிறுகுடலுக்கு முன்னே இருக்கின்றது. அவை தின்பதெல்லாம் முதலில் அந்தத் தொட்டிக்குள் விழுந்தாக வேண்டும்.

ஆட்டின் இரைப்பை நான்கு அறைகள் உடையது. முதலாவது பெரிய அசையூண் அறை. இறைச்சிக் கடையிலே துவாய்போலச் சொரசொரப்பாகத் தொங்குவது அதுவே. இரண்டாவது தேன்கூடுபோன்றது. மூன்றாவது ஏடு ஏடாக மடிந்தது. நான்காவதே நம்முடைய இரைப்பையைப் போல அமிலம் சுரப்பது. வளர்ந்த செம்மறியின் அசையூண் அறையிலே பத்து லீற்றருக்கு மேல் கொள்ளும். அதன் வெப்பம் ஏறத்தாழ 39 பாகை. உள்ளே ஒட்சிசன் இல்லை. இரைமீட்கும்போது நாளொன்றுக்கு 6 முதல் 16 லீற்றர் வரை உமிழ்நீர் சுரந்து அதனுள் இறங்குகின்றது. அவ்வறையில் உள்ள நீரில் ஒரு மில்லிலீற்றர் எடுத்தால், அதில் ஏறத்தாழ ஆயிரங்கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு புரட்டோசோவாக்களும் நுண்பூஞ்சணங்களும் வேறு. ஆடு தின்கின்றது என்கின்றோம். உண்மையில் அது இந்தக் கூட்டத்துக்குப் பந்தி வைக்கின்றது. மிச்சத்தையும், பிறகு பந்தியில் இருந்தவர்களையுமே தான் உண்கின்றது.

இலைக் கொழுப்பு அங்கே வந்து சேர்ந்ததும் முதலில் நடப்பது பிரிவினை. இலைக் கொழுப்பிலே கொழுப்பமிலங்களை ஒன்றாகப் பிடித்துவைத்திருப்பவை கிளிசரோலும் கலக்டோஸ் என்னும் வெல்லமும். பற்றீரியாக்களின் நொதியங்கள் அந்தப் பிடியை அறுத்துவிடும். 1950களிலும் 1960களிலும் ஸ்கொத்லாந்தின் அபர்தீன் நகரிலுள்ள றோவெற் ஆராய்ச்சி நிலையத்திலே செம்மறிகளைக் கொண்டு இதைத் துருவி ஆராய்ந்தனர். அங்கே ஹொப்சன், மான் என்னும் இருவர், செம்மறியின் அசையூண் அறையிலிருந்து இவ்வேலையையே தொழிலாகக் கொண்ட ஒரு பற்றீரியத்தை 1961ஆம் ஆண்டிலே தனிப்படுத்தினர். அறுபட்ட கிளிசரோலையும் வெல்லத்தையும் நுண்ணுயிர்கள் உண்டு, அசற்றிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம், பியூற்றிரிக் அமிலம் என்னும் குறுகிய அமிலங்களாக மாற்றிவிடும். நீண்ட கொழுப்பமிலங்கள் தனித்து நிற்கும்.

அடுத்ததுதான் பெத்தாவின் கேள்விக்கு நேரான விடை. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே ரெமண்ட் றைசர் என்பவர் 1951ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார். செம்மறியின் அசையூண் அறையிலிருந்து எடுத்த பொருளோடு ஆளிவிதை எண்ணெயைக் கலந்து, உடல் வெப்பத்திலே வைத்திருந்து பார்த்தார். எண்ணெயிலிருந்த லினோலெனிக் அமிலம் வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. அங்கே ஆடு இல்லை, ஈரல் இல்லை, குடல் இல்லை. வெறும் வயிற்றுச் சாறும் அதில் வாழும் உயிர்களுமே இருந்தன. மாற்றத்தைச் செய்தவை அந்த நுண்ணுயிர்களே என்பது அதனாற் புலனாயிற்று. நியூசிலாந்தில் ஷோர்லண்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1955ஆம் ஆண்டில் இதை மேலும் தெளிவாக்கினர்.

அந்த மாற்றம் யாதெனில், கோணலை நிமிர்த்துதல். பற்றீரியம் முதலில் ஓர் இரட்டைப் பிணைப்பை அதன் இடத்திலிருந்து பக்கத்துக்கு நகர்த்தும். பின்பு அங்கே ஐதரசனைச் சேர்த்து அந்தப் பிணைப்பை மூடும். இவ்வாறு மூன்று கோணல் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, முடிவில் கோணலே இல்லாத ஸ்டியரிக் அமிலமாகும். அலம்பலாக உள்ளே போனது கதியாலாக வெளியே வருகின்றது. லினோலெனிக் அமிலத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் இவ்வாறு மாறிவிடுகின்றது. லினோலெயிக் அமிலத்தில் எழுபது முதல் தொண்ணூற்றைந்து பங்கு வரை.

மனிதன் இதைச் செய்ய என்ன பாடுபட்டான் என்பதை எண்ணினால் வியப்புண்டாகும். வில்லெம் நோர்மன் என்னும் ஜெர்மானியர், இளகிய எண்ணெயை ஐதரசன் சேர்த்துக் கட்டியாக்கும் முறைக்கு 1902ஆம் ஆண்டிலே உரிமம் பெற்றார். வனஸ்பதி அதன் வழியே வந்தது. அதற்கு நிக்கல் உலோகம் வேண்டும். பெரும் வெப்பமும் அமுக்கமும் வேண்டும். கண்டற் கரையிலே கட்டியிருக்கும் ஆடு, அதையே 39 பாகையில், ஓய்வாகப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு செய்து முடிக்கின்றது.

நுண்ணுயிர்கள் ஏன் இந்தத் தொல்லையை மேற்கொள்கின்றன? அங்கே மிகுந்து சேரும் ஐதரசனைக் கழிப்பதற்கு என்று முன்பு எண்ணினர். கணக்குப் பார்த்தபோது, அங்கே உண்டாகும் ஐதரசனில் மிகச் சிறு பங்கே இவ்வழியிற் செலவாகின்றது என்று தெரிந்தது. பெரும்பங்கு மெதேன் வாயுவாக ஆட்டின் வாய் வழியே போய்விடுகின்றது. இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் வேறு. கோணல் மிகுந்த அமிலங்கள் பற்றீரியாக்களின் தோலைக் குலைத்து அவற்றைக் கொல்லும். நிமிர்த்திவிட்டால் நஞ்சு தணியும். எனவே, இது சமையல் அன்று, தற்காப்பு. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெத்தாவின் வீட்டிலே நடந்த வேறொரு நிகழ்ச்சியைச் சொல்லும்போது இது வேண்டியிருக்கும்.

நிமிர்த்தும் வேலை எப்பொழுதும் முற்றுப்பெறுவதில்லை. பாதி வழியில் நின்றுவிட்ட சில அமிலங்களும் கீழே இறங்கும். ஆட்டுக் கொழுப்பிலும் பாலிலும் இயற்கையாகவே சிறிதளவு டிரான்ஸ் கொழுப்பு இருப்பது இதனாலேயே. அவ்வாறு நின்றவற்றில் ஒன்றை, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே மைக்கேல் பரீசா என்பவரும் துணைவரும், வாட்டிய மாட்டிறைச்சியிலிருந்து பிரித்து 1987ஆம் ஆண்டில் அடையாளங் கண்டனர். எலிகளிலே புற்றுநோயைத் தடுப்பதாகத் தோன்றியபடியால் அது பெரும் பேச்சாயிற்று. மனிதரிடத்திலே அப்பயன் உறுதிப்படவில்லை. ஆகையால், அதை நம்பி ஆட்டுக் கொழுப்பை அள்ளி உண்ணுமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

இனி, நிமிர்ந்த கொழுப்பு எங்கே போகின்றது என்று பார்ப்போம். குறுகிய அமிலங்களான அசற்றிக் அமிலம் முதலியவை அசையூண் அறையின் சுவர் வழியாகவே இரத்தத்திற் கலக்கும். ஆட்டின் உடலுக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ எழுபது வீதத்தை அவையே கொடுக்கின்றன. நீண்ட அமிலங்களுக்கு அவ்வழி திறவாது. அவை உணவுத் துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு, தேன்கூட்டறை, ஏட்டறை வழியாக நான்காம் அறைக்கு இறங்கும். அவற்றோடு பற்றீரியாக்களும் இறங்கி அமிலத்தில் மடியும். அவற்றின் உடம்பிலேயும் கொழுப்பு உண்டு. அவை தாமே சமைத்த கொழுப்பு. அதனால் ஆடு தின்ற கொழுப்பைக் காட்டிலும், சிறுகுடலை அடையும் கொழுப்பு சில வேளைகளில் அதிகமாகவே இருக்கும்.

சிறுகுடலிலே ஆட்டுக்கு ஓர் இடர் உண்டு. கொழுப்பு நீரிற் கரையாது. அதைக் கரைக்கப் பித்தம் வேண்டும். நமக்குப் பித்தத்தோடு, கொழுப்பு பாதி செரித்தபோது எஞ்சும் கிளிசரோல் சேர்ந்த துண்டுகளும் துணை செய்கின்றன. ஆட்டுக்கோ அந்தத் துண்டுகள் கிடைப்பதில்லை. கிளிசரோலை முதல் அறையிலேயே நுண்ணுயிர்கள் தின்றுவிட்டன. மேலும் ஆட்டின் சதையி, நம்முடையதைப் போல அமிலத்தை விரைவில் நடுநிலைப்படுத்துவதில்லை; சிறுகுடலின் முற்பகுதி நெடுந்தூரம் புளிப்பாகவே இருக்கும். இப்படிப்பட்ட இடத்திலே, எளிதிற் கரையாத ஸ்டியரிக் அமிலத்தைக் கரைத்தாக வேண்டும்.

இதற்கு ஆடு வேறு வழி வைத்திருக்கின்றது. பித்தத்திலே இலெசிதின் என்னும் பொருள் வருகின்றது. சதையியின் ஒரு நொதியம் அதிலிருந்து ஒரு கொழுப்பமிலத்தை அறுத்துவிட, எஞ்சிய பொருள் சவர்க்காரத்தைப்போல வல்லமை பெறுகின்றது. செம்மறியின் பித்த உப்புகளும் பெரும்பாலும் புளிப்பிலே கெடாத வகையைச் சேர்ந்தவை. இவை இரண்டும் கூடி ஸ்டியரிக் அமிலத்தைத் துணிக்கைகளிலிருந்து கழற்றி, நுண்ணிய திவலைகளாக்கிக் குடற் சுவருக்குக் கொண்டுசெல்கின்றன. ஸ்டியரிக் அமிலத்தை உறிஞ்சுவதில் மனிதனும் கோழியும் பன்றியும் ஆட்டுக்கு ஈடாகமாட்டா. குடற் சுவரின் கலங்களுக்குள்ளே, அந்த அமிலங்கள் புதிய கிளிசரோலோடு மீண்டும் இணைக்கப்பட்டு, நிணநீர் வழியாக இரத்தத்தை அடைந்து, உடலெங்கும் செல்கின்றன.

ஈண்டு இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். ஆட்டின் உடம்பிலே உள்ள கொழுப்பெல்லாம் குழையில் இருந்த கொழுப்பு அன்று. மிகுந்த பங்கு, அசற்றிக் அமிலத்திலிருந்து உடலே புதிதாகச் செய்தது. அசற்றிக் அமிலம் வருவது நாரிலிருந்து. வைக்கோலும் புல்லும் தின்ற எருமையின் பாலிலே தயிர்ச் சட்டியில் விரல் தடிப்புக்கு ஆடை கட்டுகின்றதே, அது எவ்வாறு என்று மட்டக்களப்புத் தயிரை விரும்பி உண்போர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். பாற்கொழுப்பின் அமிலங்களில் ஏறத்தாழப் பாதி, நாரிலிருந்து பிறந்த குறுகிய அமிலங்களைக் கொண்டு மடியிலே கட்டப்பட்டவை. மறுபாதி இரத்தத்திலிருந்து வருவன. மடியிலே ஒரு நொதியம் இருந்து, நிமிர்ந்த ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பங்கைத் திரும்பவும் ஒரு கோணல் உள்ள ஒலெயிக் அமிலமாக்குகின்றது. வயிற்றிலே நிமிர்த்தியதை மடியிலே வளைக்கின்றது. வளைக்காவிட்டால் பால் இளக்கம் குன்றிப்போகும். நார் குறைந்து தானியமும் தவிடும் மிகுந்தால், பால் பெருகினாலும் ஆடை மெலிவதைப் பட்டிக்காரர் அறிவர். மேய்ச்சல் தரையை இழப்பது எருமைக்காரருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காக மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் 2023ஆம் ஆண்டிலே வீதிக்கு இறங்கியதை நேயர்கள் அறிவீர்கள்.

குட்டிகளின் கதை வேறு. பால் குடிக்கும் குட்டி உறிஞ்சத் தொடங்கியதும், களத்தின் முடிவில் ஒரு தவாளிப்பு மடிந்து குழாயாகி, பாலை அசையூண் அறைக்குள் விழவிடாமல் நேரே நான்காம் அறைக்குக் கொண்டுசெல்லும். அந்த வயதிலே குட்டி நம்மைப் போன்றதே. தாய்ப்பாலின் கொழுப்பை உள்ளபடியே செரிக்கும். வாயிலே சுரக்கும் ஒரு நொதியம் அதற்கு உதவுகின்றது. குழை கடிக்கத் தொடங்கிய பிறகே தொட்டி வளர்ந்து வேலையை ஏற்கின்றது.

இப்பொழுது அந்த நிகழ்ச்சிக்கு வருகின்றேன். சில காலத்துக்கு முன்பு பெத்தாவிடம் ஒரு கிடாய் இருந்தது. அதை நல்ல விலைக்கு விற்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கொழுப்புப் பிடித்த கிடாய்க்கு விலை கூடும் என்பதை அறிந்த பெத்தா, கொழுப்புக் கொடுத்தால் கொழுப்புப் பிடிக்கும் என்று எண்ணினார். யாரும் அப்படித்தான் எண்ணுவர். தேங்காய் எண்ணெய் காய்ச்சிய இடத்திலிருந்து அடியில் தங்கிய எண்ணெய் மண்டியை வாங்கிவந்து, தவிட்டோடு பிசைந்து, காலையும் மாலையும் சிரட்டை சிரட்டையாக வைத்தார். கிடாய் முதல் நாள் ஆவலோடு தின்றது. மூன்றாம் நாள் குழையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. படுத்திருந்தது, ஆனால் அசைபோடவில்லை. சாணி இளகி நாற்றமெடுத்தது. “நாவூறு பட்டுப் போச்சு மகன்,” என்றார் பெத்தா. மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாயிற்று.

நாவூற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. தொட்டிக்குள்ளே நடந்ததை ஓரளவு சொல்லலாம். கொழுப்பமிலங்கள் பற்றீரியாக்களுக்கு நஞ்சு என்றேன். சிறிது வந்தால் அவை நிமிர்த்தியோ, உணவுத் துணிக்கையில் ஒட்டவைத்தோ சமாளிக்கும். சிரட்டைக் கணக்கில் வந்தால் சமாளிக்கமாட்டா. தேங்காய் எண்ணெய் இதில் இன்னும் கடுமையானது. அதன் அமிலங்கள் பெரும்பாலும் நிமிர்ந்தவையே. ஆனால் பன்னிரண்டு காபன் அளவிலான குட்டைச் சங்கிலிகள். அவை நாரைக் கரைக்கும் பற்றீரியாக்களையும் புரட்டோசோவாக்களையும் தாக்கும். (சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே செம்மறிகளுக்குத் தேங்காய் எண்ணெயை அளந்து கொடுத்து, அவை விடும் மெதேன் வாயு குறைவதை 1999ஆம் ஆண்டில் காட்டினர், அங்கே மருந்தாகக் கொண்ட குணந்தான் இங்கே கிடாய்க்குக் கேடாயிற்று.) எண்ணெய் நார்மீதும் படிந்து, எஞ்சிய பற்றீரியாக்களையும் அணுகவிடாது. நார் கரையாவிட்டால் தொட்டி நிரம்பியே கிடக்கும். நிரம்பியிருந்தால் ஆடு தின்னாது. கொழுப்பைச் சேர்க்கப் போய், கொழுப்புக்கு மூலமான அசற்றிக் அமிலத்தையே நிறுத்திவிட்டார் பெத்தா.

மண்டியை நிறுத்தி, நல்ல வைக்கோலும் தண்ணீரும் மட்டும் வைத்தோம். அயலிலுள்ள நலமான ஆட்டின் வாயிலிருந்து அது மீட்ட அசையைச் சிறிது எடுத்து, நீரிற் கரைத்துக் கிடாய்க்குப் புகட்டினோம். இது பல நாடுகளிலும் பழைய கைவைத்தியம். ஆனால் உண்மையில் அது நலிந்த தொட்டிக்குப் புதிய விதை போடுவதே. நாலாம் நாள் மாலை கிடாய் கழுத்தை நீட்டி ஓர் உருண்டையை மேலே கொண்டுவந்து மெல்லத் தொடங்கியது. எல்லாக் கிடாய்க்கும் இது பலிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் அசைபோடாத விலங்கை மிருக வைத்தியரிடம் காட்டுவதே முறை. அந்தக் கிடாய் அந்த மாதம் நினைத்த விலைக்குப் போகவில்லை. அதன் காசிலே செய்ய எண்ணியிருந்த கிணற்றுக் கட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று.

அப்படியானால் எவ்வளவு கொடுக்கலாம்? இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஆடு, ஈரம் நீங்கிய கணக்கிலே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உணவு தின்னும். அதில் மொத்தக் கொழுப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாதிருப்பது நல்லது. அதாவது 50 கிராம். எண்ணூறு கிராம் குழையும் புல்லும் என்றால், அதிலேயே 24 கிராம் அளவு வந்துவிடும். செக்கிலோ ஆலையிலோ ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கிலே எண்ணெய் நூற்றுக்குப் பத்து அளவு எஞ்சியிருக்கும். 200 கிராம் வைத்தால் 20 கிராம். கூட்டினால் 44. அதற்கு மேலே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினாலும் கணக்கு எல்லையைத் தாண்டிவிடும். தவிடு கொடுப்போர் புதிதாகக் குற்றிய தவிடாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும்; அதிலுள்ள எண்ணெய் விரைவிலே காறிப்போகும், காறியதை ஆடும் விரும்பாது.

பெரிய பண்ணைகளில் தொட்டியை ஏமாற்றும் வழிகளும் கண்டிருக்கின்றனர். அவுஸ்திரேலியாவிலே 1970ஆம் ஆண்டையொட்டி, எண்ணெய்த் துளிகளைப் பாற்புரதத்தால் மூடி, ஃபோர்மல்டிஹைட்டால் இறுக்கி, செம்மறிகளுக்கும் பசுக்களுக்கும் கொடுத்தனர். அந்த உறை அசையூண் அறையிலே கரையாது. நான்காம் அறையின் அமிலத்திலேதான் கரையும். எண்ணெய் நிமிராமலே குடலை அடைந்தபடியால், ஆட்டின் கொழுப்பும் பசுவின் வெண்ணெயும் இளகியனவாக மாறின. பின்பு கொழுப்பமிலத்தைக் கல்சியத்தோடு சேர்த்துச் சவர்க்காரமாக்கிக் கொடுக்கும் முறை வந்து, கறவை மாடுகளுக்காக இன்று பல நாடுகளிலும் விற்பனையாகின்றது. இதைக் கேட்டுவிட்டு எண்ணெயிலே சுண்ணாம்பைக் கலந்து வைத்துவிடாதீர்கள். அது தொழிற்சாலையில் அளந்து செய்யவேண்டிய பொருள்.

பெத்தாவுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. ஆட்டின் வயிற்றுக்குள்ளே கோணலை நிமிர்த்தும் தச்சர் இருக்கின்றார்கள் என்றும், அவர்களுக்கு எண்ணெய் ஆகாது என்றும், கோழிக்கு அப்படித் தச்சர் இல்லாதபடியால் அது தின்ற எண்ணெய் தின்றபடியே அதன் கொழுப்பிற் சேரும் என்றும் மட்டும் சொன்னேன்.

பெத்தா சற்று நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, உள்ளுக்க இருக்கிற கொழுப்புத்தான் இன்னும் கட்டியா இருக்கும். குண்டிக்காய்ப் பக்கத்துக் கொழுப்பு கையில உருகாது. காலுப் பக்கம் உருகும். அதுவும் தச்சன்ட வேலையா?” என்று கேட்டார்.

அது தச்சன் வேலை அன்று. உடம்பின் உட்பகுதி சூடானது. அங்கே கட்டியான கொழுப்பும் இளகி இருக்கும். கால், தோல் போன்ற குளிர்ந்த ஓரங்களிலே, இளகிய ஒலெயிக் அமிலம் மிகுந்த கொழுப்பையே உடல் வைக்கின்றது. நான் புத்தகத்திற் படித்து அறிந்ததை அவர் கறி வெட்டிய கையாலே அறிந்திருந்தார். அதையும் சொன்னேன். “ஓம், அப்பதானே சரி,” என்று சொல்லிவிட்டு, சட்டியை அடுப்பில் ஏற்றினார்.